கிளேசியருக்குப் போன மீன்பெட்டி

"மேடம், மேலே ஒரு பொண்ணு பனிக்குள்ள விழுந்துட்டா" என்று வேன் டிரைவர் இந்தியில் சொன்னார். அத்தோடு லைன் கட்டாகிவிட்டது. நான் இருந்தது திங்கள்நகரில், மொபைல் கடைக்கு மேலே உள்ள எங்கள் டிராவல்ஸ் ஆபீசில். அவர் இருந்தது காஷ்மீரில், சோன்மார்க்கில். நாங்கள் அங்கே அனுப்பியிருந்த டூர் குழுவில் பொண்ணு என்று சொல்லும் வயதில் இருந்தவள் ஒருத்திதான். என் மகள் அபிஷா.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது அடுத்த மேஜையில் உட்கார்ந்து யாருக்கோ லோயர் பெர்த் ஏன் கிடைக்கவில்லை என்று விளக்கிக்கொண்டிருக்கிறாள். வாசிக்கிறவர்கள் என்னைப் போல வெப்ராளப்பட வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்லிவிட்டேன். வெப்ராளம் என்பது எங்கள் ஊர்ப் பதற்றம். வயிற்றில் தொடங்கி, தொண்டையில் வந்து நிற்கும். எனக்கு அது இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நடந்ததைக் கேட்கும்போதெல்லாம் பாதியில் குரல் மாறிவிடுகிறது. அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

1. முதலாளி சொல்லித்தந்த தொழில்

பி.காம். முடித்துவிட்டு நான் இந்த ஆபீசில் சேர்ந்த அன்றே ஒரு வேளாங்கண்ணி பஸ் கிளம்பியது. முதலாளி என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். "ஆள எண்ணு, பெர்த்த எண்ணு, சோத்த எண்ணு. இந்த மூணும் செரியா இருந்தா மத்ததெல்லாம் தானா ஓடிக்கிடும்" என்றார். நான் அன்றைக்கு எண்ண ஆரம்பித்தவள். வேளாங்கண்ணி, மைசூர், கோவா, டெல்லி, ஆக்ரா எல்லாம் எண்ணிக்கொண்டே போய் எண்ணிக்கொண்டே திரும்பியிருக்கிறேன். ஒருவரையும் எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை. கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கிளேசியர் டூர் மட்டும் எங்கள் ஆபீசில் யாரும் கேட்டதில்லை. வருகிறவர்கள் பனி பார்க்க வேண்டும் என்பார்கள். மணாலியில் ரோட்டோரத்தில் காட்டினால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மலை இடுக்கில் வருஷக்கணக்காகக் குவிந்து இறுகி, ஆறு மாதிரி மெல்ல நகர்கிற பனிப்பாறையைத்தான் பார்க்க வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டு வந்தது கடியப்பட்டணத்து ஆட்கள்தான்.

2. பனியம்மாள்

முதலில் வந்தவர் பனியம்மாள் அக்கா. மீன் வியாபாரம். கூடவே சகாயம் என்று ஒரு அண்ணன். முட்டத்திலிருந்து விசைப்படகுக்குப் போகிறவர். எங்கள் மேற்குக் கடலில் ஜூன், ஜூலை மாதங்கள் மீன்பிடித் தடைக்காலம். போட்டுகள் கரையில் நிற்கும். ஐஸ் கம்பெனிகளுக்கும் வேலை குறைவு. கடற்கரை ஆட்கள் கல்யாணமோ டூரோ போவது அந்த நாட்களில்தான்.

"மோளே, ஐஸ் மலைக்கு ஆளு கூட்டிட்டுப் போவியளா?" என்று அக்கா கேட்டார்.

"எந்த ஐஸ் மலைக்கா?"

"அதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்? நீதான படிச்சவ. பேருலயே பனி இருக்கு. அறுவது வயசும் தாண்டியாச்சு. ஒரு தடவ கண்ணால பாத்திரண்டாமா?"

"குளிரு தாங்குவியளா அக்கா?"

"கொள்ளாம் கேள்வி. விடியும் முன்ன ஐஸ் கம்பெனி வாசல்ல நிண்ணு மீனுக்கு ஐஸ் அள்ளுகவகிட்ட குளிரப் பத்தி கேக்கியா?"

சகாயம் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மேடம், எங்க ஊர்ல எல்லாவனும் ஐஸுல பொழைக்கிறவன். கடல்ல போனா ஐஸு, கரைக்கு வந்தா ஐஸு. அது பொறந்த எடத்த ஒருக்கா பாத்துட்டு வந்திருவோம்."

பனியம்மாள் அக்காவின் வீட்டுக்காரர் மிக்கேல் அண்ணன் நாற்பது வருஷம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். இடுப்பெலும்பு முறிந்து வீட்டோடு இருக்கிறார். "அவிய வரல. அவியளுக்கும் சேத்து நான் பாத்துட்டு வாறேன்" என்று அக்கா சொன்னார். நான் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரை எழுதாமல் விட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

3. ஐட்டினரி

சோன்மார்க் என்று முடிவாயிற்று. ரயிலில் வடக்கே போய், ஸ்ரீநகரில் தங்கி, வேனில் சோன்மார்க். அங்கிருந்து குதிரையிலோ நடந்தோ தாஜிவாஸ் கிளேசியர். அதிகம் ஏற வேண்டாம், போன நாளே திரும்பிவிடலாம். நான்தான் எஸ்கார்ட்டாகப் போவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து என் முழங்கால் வீங்கிக்கொண்டது. மாடி ஏறக்கூட டாக்டர் யோசித்துத்தான் அனுமதித்தார்.

"எம்மா, நான் போறேன்" என்றாள் அபிஷா. அவள் எங்கள் ஆபீசிலேயே சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"நீ கோவாவுக்குப் போனப்பவே எனக்கு ஒறக்கம் இல்ல."

"அப்ப இதுக்கும் ஒறங்காண்டாம். ஒரே கணக்குதான்."

முதலாளி அவள் பக்கம் சாய்ந்துவிட்டார். எனக்கு மிஞ்சியது ஐட்டினரி என்கிற பயணத் திட்டம் மட்டும். அதில் என் வெப்ராளம் முழுவதையும் இறக்கினேன். ஸ்ரீநகரில் ஒரு நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்க வேண்டும். காதை மூடும் தொப்பி, இரண்டு ஜோடி சாக்ஸ். பிளாஸ்டிக் செருப்பு கூடாது. வாடகை பூட்ஸை உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். மதியத்துக்குப் பிறகு பனி இளகும், எனவே அதற்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். மலையில் சம்பா அரிசி வேக நேரமாகும் என்று, கூடப் போகும் சமையல்காரருக்குப் பெரிய குக்கர். அபிஷாவுக்குப் புதிதாக ஒரு போஸ்ட்பெய்டு சிம். எங்கள் ஊர் பிரீபெய்டு சிம்மெல்லாம் காஷ்மீர் எல்லை தாண்டினால் ஊமையாகிவிடும். போஸ்ட்பெய்டு மட்டும்தான் பேசும்.

கிளம்புவதற்கு முன் கோயில் ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்து இதை வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர், "மேடம், திரும்பி வாறதுக்கும் டிக்கெட் போட்டாச்சா, இல்ல அங்கேயே அடக்கமா?" என்று கேட்டார். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

ஸ்டேஷனில் வழியனுப்பும்போதுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். மீன் அனுப்புகிற வெள்ளைத் தெர்மகோல் பெட்டி. நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது என்னத்துக்கு அக்கா?"

"வழியில திங்கதுக்கு மோளே. கருவாடும் மீன் ஊறுகாயும்."

திறந்து காட்டினார்கள். அதேதான் இருந்தது. மூடியைத் திறந்ததும் பிளாட்பாரத்தில் நின்ற பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். போகும்போது கருவாடு, திரும்பும்போது பெட்டியில் என்ன வரும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆளை எண்ணினேன், பெர்த்தை எண்ணினேன், சாப்பாட்டை எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது.

4. அந்தச் சாயங்காலம்

கிளேசியர் பார்க்கும் நாளில் மதியம் இறங்கியதும் அபிஷா கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். ஸ்விட்ச்டு ஆஃப். மற்றவர்களுடைய போன்கள் எல்லாம் பிரீபெய்டு, எனவே ஊமை. பேசக்கூடிய ஒரே போனை ஒரே ஆளின் பையில் வைத்து அனுப்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

வேன் டிரைவரைப் பிடித்தேன். என் இந்தி, பஸ்ஸ்டாண்டு இந்தி. ஆனால் அவர் சொன்னது தெளிவாகவே புரிந்தது. குழு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐஸ் வெட்ட இன்னும் மேலே போயிருக்கிறது. குதிரைக்காரர் இறங்கி வந்து சொன்னாராம், ஒரு பொண்ணு பனிக்குள் விழுந்துவிட்டாள் என்று. அத்தோடு லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவே இல்லை.

முதலாளி எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். எதற்கோ ஃபேனைக் கூட்டினார், பிறகு குறைத்தார். என் மொபைலை மேஜைமேல் கண்ணுக்கு நேராக வைத்துவிட்டு, ஆபீஸ் லேண்ட்லைனில் கடியப்பட்டணத்துக்கு மிக்கேல் அண்ணனைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். முதலாளியும் கேட்கட்டும் என்று.

"அண்ணே, அங்கேந்து போன் ஏதாவது வந்துதா?"

"எனக்கெங்க வருது மோளே? அவ போனுதான் பேசாதே. என்ன விசேஷம்?"

சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார். "பெட்டியோடயா மேல போனாவ?"

"ஆமா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் கேட்டதுதான் மோளே. நாப்பது வருசம் ஐஸ் பார் இறக்கினவன். மெஷினு ஓடாம, கரண்டு இல்லாம உண்டாகுத ஐஸு எப்பிடி இருக்கும்னு தொட்டுப் பாக்க ஒரு கொதி, ஒரு ஆச. இந்த இடுப்ப வச்சிட்டு மலை ஏற முடியுமா? ஒரு கட்டி கொண்டு வந்து தாட்டின்னு அவகிட்ட சொன்னேன். வெளையாட்டாட்டுதான் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணே?"

"நீ கேக்கலியே மோளே."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. வைத்துவிடப் போனேன். "போன வைக்காத" என்றார். "எனக்கும் அங்க ஒருத்திதான்."

வைக்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல் லைனில் இருந்தோம். அவர் பக்கத்தில் கடல் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் அவருக்கு பஸ் ஹார்ன் கேட்டிருக்கும். முதலாளிக்கு அந்த அமைதி தாங்கவில்லை. "அந்த டிரைவர் பொண்ணுன்னு யாரச் சொன்னாரோ? பனியம்மாளக்கூட ஒருத்தன் பொண்ணுன்னு சொல்லலாமே" என்றார்.

ஸ்பீக்கரில் மிக்கேல் அண்ணன் குரல் வந்தது. "அவளப் பாத்து அப்பிடிச் சொல்லதுக்கு அங்க எவனுக்கும் கண்ணு பொட்டையில்ல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே மொபைல் கடையில் விளக்கு போட்டிருந்தார்கள். என் மொபைல் அடித்தது. தெரியாத நம்பர்.

"எம்மா, நான்தான். ஓட்டல்காரர் போனு. எம் போனு தண்ணிக்குள்ள போச்சு."

"போனு போவட்டும். நீ?"

"நானும் பாதி போனேன். மீதிய இவிய இழுத்துட்டாவ."

நான் அழுதேன். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அண்ணன் லேண்ட்லைனில், "என்ன மோளே, என்ன மோளே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதலாளிதான் என் மொபைலை வாங்கி விசாரித்துவிட்டு, "ரெண்டு பேரும் சொகம் அண்ணே" என்று சொன்னார்.

5. நடந்தது

குதிரைகள் நிற்கிற இடத்தில் கிடந்தது மண் கலந்த உதிரிப் பனி. மற்ற டூரிஸ்டுகள் அதில்தான் சறுக்கி விளையாடிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்திருக்கிறார்கள்.

"சே, இது பொடி ஐஸு. இத மீனுக்குப் போட்டா அரை நாளு தாங்காது" என்றாராம் சகாயம் அண்ணன். "மிக்கேல் மச்சானுக்கு இதையா கொண்டு போவ? நல்ல கட்டி மேலதான் கெடக்கும்."

உலகத்தில் வேறு எந்த டூர் குழுவும் பனிப்பாறையின் தரம் சரியில்லை என்று மேலே ஏறியிருக்காது. குதிரைக்காரர் கையைக் காட்டித் தடுத்திருக்கிறார். அவர் பேச்சு இவர்களுக்குப் புரியவில்லை. அபிஷா கத்தியிருக்கிறாள். "பத்தே நிமிஷம் பிள்ளே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எஸ்கார்ட் குழுவை விடக் கூடாது என்பது நான் அவளுக்குச் சொல்லித்தந்த பாடம். பின்னாலேயே போயிருக்கிறாள்.

மேலே நீலமாகத் தெரிந்த கட்டி ஐஸுக்கும் அவர்களுக்கும் நடுவில் சமதளமாகப் பனி. காலால் உதைத்துப் பார்த்து, கெட்டியாகத்தான் இருக்கிறது என்று சகாயம் அண்ணன் சொல்லியிருக்கிறார். ஐஸைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும். ஒன்றைத் தவிர: கம்பெனி ஐஸுக்கு அடியில் ஓடை ஓடாது. இதற்கு அடியில் ஓடியது. மேலே கெட்டி, கீழே ஆறு, நடுவில் வெறும் கூரை. நாலைந்து பேர் கடந்துவிட்டார்கள். அடுத்து பனியம்மாள் அக்கா கால் வைக்கப் போகும்போது, உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட அபிஷா முன்னால் ஓடி அவரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறாள். தள்ளிய வேகத்தில் அவள் நின்ற இடம் உள்வாங்கியது. இடுப்பு வரை உள்ளே. கால் தண்ணீருக்குள்.

அடுத்து நடந்ததை அபிஷா சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு இன்னும் வரவில்லை. யாரும் கூச்சல் போடவில்லையாம். பெட்டியில் கட்டியிருந்த நைலான் கயிறு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. சகாயம் அண்ணன் பனியில் குப்புறப் படுத்து அவளிடம் கயிற்றை எறிந்தார். "அக்குளுக்கு அடியில சுத்திக் கெட்டு மக்கா. பைய. வெப்ராளப்படாத." பிறகு வலை இழுக்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்து, ஒரே மூச்சில் ஏலேலோ போட்டு இழுத்திருக்கிறார்கள். பனியம்மாள் அக்கா வரிசையின் கடைசியில் இருந்து ஜெபமும் சொல்லி, இழுக்காதவர்களைத் திட்டவும் செய்திருக்கிறார். அவள் வெளியே வந்தாள். ஒரு பூட்ஸும் போனும் வரவில்லை. கடந்து போனவர்களைக் குதிரைக்காரர் வேறு வழியாகச் சுற்றிக் கூட்டி வந்தார். அவர் சொன்ன சொல் ஒன்றும் புரியாவிட்டாலும், அது ஜெபம் இல்லை என்பது எல்லாருக்கும் புரிந்ததாம்.

"அப்ப அந்த ஐஸு?" என்று அன்றைக்குப் போனில் கேட்டேன்.

"அக்கரைக்குப் போனவிய ஒரு கட்டி எடுத்துட்டு வந்துட்டாவ."

"அதத் தூக்கித் தூர எறி."

"முடியாது. ஒரு பூட்ஸு குடுத்து வாங்கினது."

6. பெட்டி திறந்தது

திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெட்டிதான் குழுவின் முக்கியமான பயணி. கட்டியைச் சாக்கில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு நடுவில் வைத்தார்கள். சுற்றிலும் கடையில் வாங்கிய ஐஸ். ரயில் பெரிய ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் ஒருவர் இறங்கி ஓடி, சர்பத் கடையில் ஐஸ் வாங்கி வந்து பெட்டியில் கொட்டுவார். மீன் வெளியூர் போகிற முறை அதுதான். எதிர் பெர்த்தில் இருந்த ஒரு சார், உள்ளே என்ன என்று கேட்டிருக்கிறார்.

"ஐஸு."

"மேல போடுறது?"

"அதுவும் ஐஸுதான்."

அந்த சார் போர்வையை இழுத்து மூடித் திரும்பிப் படுத்துவிட்டாராம்.

நாகர்கோவில் ஸ்டேஷனில் அபிஷா இறங்கியதும் அவளுடைய இரண்டு காலையும் பார்த்தேன். பிளாட்பாரத்தில் எல்லார் முன்னாலும் குனிந்து பார்த்தேன். "இருக்கு எம்மா, ரெண்டும் இருக்கு" என்றாள். அங்கிருந்து நேராகக் கடியப்பட்டணம். மிக்கேல் அண்ணனைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். பெட்டியை அவர் முன்னால் வைத்து பனியம்மாள் அக்கா நைலான் கயிற்றை அவிழ்த்தார். மேலே எல்லாம் தண்ணீர். தண்ணீருக்குள் கையை விட்டு, சாக்கை எடுத்துப் பிரித்தார்.

ஒரு சிரட்டை, அதாவது கொட்டாங்குச்சி, அளவு இருந்தது. அவ்வளவுதான் மிச்சம். கண்ணாடி மாதிரி, உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள்.

அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினார். பிறகு நாக்கால் தொட்டார். ஐஸ் கம்பெனியில் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கேன்களை இறக்கித்தான் ஐஸ் பிடிப்பார்கள். கேன் ஒழுகினால் ஐஸ் கரிக்கும். அதைக் கண்டுபிடிக்க நாக்குதான் கருவி.

"உப்பு இல்ல" என்றார். கண் நிறைந்திருந்தது. "ஒரு சொட்டு உப்பு இல்ல கேட்டியா."

பிறகு என் பக்கம் நீட்டினார். "நீயும் பிடி மோளே. உம் மவ போயிட்டு வந்த எடம்."

எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. என் பிள்ளையைப் பாதி விழுங்கியது அதுதான். ஆனால் அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கினேன். சில்லென்று இருந்தது, உள்ளங்கையில் மெல்ல உருகி, முழங்கை வரை வழிந்தது. அபிஷா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள்.

7. அந்த ஒரு கேள்வி

இப்போது எங்கள் ஆபீசில் பேசக்கூடிய போன் இரண்டு பேரிடம் இருக்கும். அது சின்னப் பாடம். பெரிய பாடம் வேறு. வருகிறவர்களிடம் எத்தனை பேர், சைவமா அசைவமா, கீழ் பெர்த்தா மேல் பெர்த்தா என்று எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறேன். அங்கே போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை. ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு பெட்டியோடுதான் வருகிறார்கள். அது தெரிந்திருந்தால், பக்குவமான ஒரு வழிகாட்டியைப் பிடித்து, நல்ல கட்டியாகப் பத்திரமான இடத்தில் வெட்டித் தரச் சொல்லியிருப்பேன். தெரியாததால் என் ஐட்டினரியில் எல்லாம் இருந்தும், அவர்கள் எதற்காகப் போனார்களோ அது மட்டும் இல்லை. அதனால்தான் இப்போது எல்லாரிடமும் அதை முதலில் கேட்கிறேன். சிலர் முறைப்பார்கள். சிலர் சொல்ல ஆரம்பித்தால் டீ வாங்கித்தர வேண்டியிருக்கும். நீங்களும் கேளுங்கள்.

அடுத்த தடைக்காலத்துக்கு இன்னொரு கடற்கரைக் குழு கிளேசியர் கேட்டிருக்கிறது. முழங்கால் இப்போது பரவாயில்லை. நேற்று அபிஷாவின் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்து, என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். அவள் சிரிக்காமல், மற்றவர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அங்க போய் என்ன செய்யணும்னு இருக்கீங்க மேடம்?"

"உன் பூட்ஸத் தேடணும்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.